கோடையில் உறைபனி

கார்த்திகை மழை ஓய்ந்ததும் கோடைக்கானலுக்கு மூட்டை கட்டும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பெயரில்தான் கோடை, மார்கழி, தை மாதங்களில் அங்கே உறைபனியின் ராஜ்யம்!

அமெரிக்காவில் பஃபலோ நகரத்தாருக்கு ஈரி ஏரியால் வரும் தொல்லை பெரிது. உறையாத அந்த ஏரியின்மீது தென்மேல்காற்றோ மேல்காற்றோ கடுங்குளிருடன் வீசினால், நீராவியை அள்ளிச் சென்று ஊரெல்லாம் வெண்பனியாகக் கொட்டிவிடும். கோடையிலும் ஏரி உண்டு. 1863-ல் லெவிஞ்சு துரை ஓடையை மறித்து உண்டாக்கியது. ஆனால் பனிமழை பெய்விக்க அது போதாது.

பழனி மலைப் பனியின் வழியே வேறு. மேகம் கவிந்த இரவில் தரையின் சூடு போர்வைக்குள் இருப்பதுபோல் தங்கும். வானம் தெளிந்து, காற்றும் அடங்கினால் சூடு மேலே பறந்துவிடும். குளிர்ந்த காற்று கனமல்லவா? சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான், மேட்டிலுள்ள வானாராய்ச்சி நிலையத்தில் வெப்பமானி உறைநிலைக்கு மேலே நின்றாலும், ஏரிக்கரைப் புல் வெள்ளை வெளேரென்று விறைத்துக் கிடக்கிறது.

நமக்கு அது வேடிக்கை. உருளைக்கிழங்கு போட்டவருக்கோ ஒரே இரவில் இலையெல்லாம் கருகிப்போகும்!

ஆகவே மாலையில் வானத்தைப் பாருங்கள். நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால் இன்னொரு கம்பளியை எடுத்துக்கொள்ளுங்கள். கரியடுப்பை மட்டும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். அதன் விஷ வாயுவுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.