ஓசையின் திறவுகோல்



ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசிக்கச் சொன்னால் தலைகுனியும் பிள்ளைகள் நம் தியாகதுருகத்திலும் கல்வராயன் மலையூர்களிலும் பலர் உளர். எழுத்தை அறிவர், பொருளும் அறிவர். ஓசை பிழைத்தால் பிறர் நகைப்பரே என்னும் அச்சம் அவர்தம் வாயை அடைத்துவிடுகிறது. வீட்டில் ஆங்கிலம் அறிந்தார் இல்லாத பிள்ளை யாரிடம் கேட்கும்? அகராதியிடம் கேட்கலாம். அகராதி பொருளை மட்டுமன்றி ஓசையையும் கூறும் என்பதைப் பெற்றோர் பலர் அறிந்திலர்.

குற்றம் பிள்ளைகளுடையதன்று. ஆங்கிலத்தில் உயிரெழுத்துகள் ஐந்தே. இங்கிலாந்தின் பொது ஒலிப்பில் உயிரொலிகளோ ஏறத்தாழ 20. ‘இ’, ‘ஏ’ எனப் பெயர்பெற்ற ஆங்கில எழுத்துகள் இரண்டும் சேர்ந்து வரும் நான்கு சொற்களைக் காண்போம். அப்பத்தைக் குறிக்கும் ‘பிரெட்’ என்பதில் அவை குறிலாகிய எகரம். செபமாலை மணியைக் குறிக்கும் ‘பீட்’ என்பதில் நெடிலாகிய ஈகாரம். இருதயத்தைக் குறிக்கும் ‘ஹார்ட்’ என்பதில் ஆகாரம். பெரிய எனப் பொருள்படும் ‘கிரேட்’ என்பதில் எகரமும் இகரமும் இணைந்த ஈரொலி. கண்ணால் மட்டும் கண்டு இவற்றை எவ்வாறு பிரித்தறிவது?

அகராதியில் சொல்லை அடுத்து, இரு சாய்கோடுகளுக்கு இடையே ஒலிக்குறிகள் இருக்கும். பிரான்சு நாட்டில் 1886-இல் தோன்றிய பன்னாட்டு ஒலியியல் கழகம் வகுத்த குறிகளையே இங்கிலாந்து அகராதிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. உயிர்க்குறியை அடுத்து முக்காற்புள்ளி போன்ற இரு புள்ளிகள் நின்றால் அது நெடில். இரு உயிர்க்குறிகள் ஒட்டி நின்றால் நம் ஐ, ஔ போன்ற ஈரொலி. கவிழ்ந்த சிறிய ‘இ’ எழுத்து தனித்து நின்றால், நம் குற்றியலுகரம்போல் அழுத்தமின்றித் தேய்ந்த ஒலி. அகராதிக்கு அகராதி குறிகள் மாறுவதுண்டு. ஆதலால் முன்பக்கத்து விளக்க அட்டவணையை முதலில் காண்க.

ஆட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ என்பதில் அவ்விரு புள்ளிகள் உண்டு. அவற்றை மறந்து ‘ஷிப்’ என்றால், காணாமற்போன ஆட்டைத் தோளில் சுமந்த ஆயன் கப்பலைச் சுமக்க நேரிடும்!

குறில் நெடிலின் அருமையை நமக்கு உணர்த்தியவர், நம் உயர்மறைமாவட்டத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர். ஏட்டுச் சுவடிகளில் புள்ளி விடுபட்டால் ‘தென்’, ‘தேன்’ இரண்டும் ஒன்றுபோல் தோன்றி மயக்கின. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் வேறுபடுத்திய சீர்திருத்தம் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1732-இல் சதுரகராதியைத் தந்தவரும் அவரே. இத்தாலியில் பிறந்தவர் நம் மொழியின் ஓசையை அத்துணை நுட்பமாய்க் கற்றார். பிறமொழி கற்கத் தடுமாறுவதில் நாணத்திற்கு இடமேது?

இன்று கைபேசி அகராதிகள் சொல்லை ஒலித்தும் காட்டுகின்றன, நன்றே. எனினும் குறியைக் கண்டபின் கேட்டால்தான் குறிலும் நெடிலும் செவியில் தெளிவாய்ப் பதியும்.

பெற்றோரே, மாலைச் செபம் முடிந்தபின் நாள்தோறும் ஐந்து சொற்களைப் பிள்ளை அகராதியில் தேடட்டும். ஆங்கிலம் அறியாத தாயும் அருகிருந்து, “இரு புள்ளிகள் உண்டா?” என்று கேட்கலாம். பிழைத்தால் நகையாதீர், மீண்டும் சொல்லச் சொல்லுங்கள். திக்குவாயனின் நாவைக் கட்டவிழ்த்த ஆண்டவர் நம் பிள்ளைகளின் நாவையும் அச்சத்தினின்று விடுவிப்பாராக.