மலைக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் வேண்டும்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், மாவட்டத்தில் மட்டுமல்லாமல் தாலுகாக்களிலும் பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரத்துக்குள் நியமிக்கும்படி 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஏற்காடும் ஒரு தாலுகாதான். சேர்வராயன் மலைப் பெண்களுக்காக அந்த உத்தரவை நினைவூட்டவே இந்த மடல்.

காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் ராத்திரி அடிவாங்கியவள் விடிந்ததும் பழம் பறிக்கப் போகிறாள். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. வலி தாங்க முடியாமல் சுகாதார நிலையத்துக்கு வந்தாலும் கூடவே புருஷனோ மாமியாரோ வந்து நிற்பார்கள். "எப்படிம்மா ஆச்சு?" என்று நர்ஸ் கேட்டால், "வழுக்கி விழுந்துட்டேங்க" என்பாள். மழை பெய்யும் மலையில் வழுக்கி விழுவது சகஜம் என்பதால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. ஓ.பி. சீட்டிலும் அதுவே ஏறுகிறது. பின்னொரு நாள் அவள் நீதிமன்றம் போனால், கையில் இருக்கும் அந்த ஒரே காகிதம் அவளுக்கு எதிராகவே பேசும்.

புகார் சொல்லலாம் என்றால், சமூகநல அலுவலகம் சேலத்தில் இருக்கிறது. கைக்குழந்தையோடு 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கித்தான் அங்கே போக வேண்டும். அவள் பஸ் ஏறும்போதே ஊருக்குச் சேதி தெரிந்துவிடும். பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம் என்றால், வீட்டில் இருக்கும் ஒரே போன் புருஷன் சட்டைப் பையில் கிடக்கிறது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைக் கண்டவர்கள். இந்திய அளவில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 விழுக்காடுதான். பேசாமல் இருப்பவர்களைப் பொறுத்துக்கொண்டவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சொல்வதற்கு அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை.

சட்டம் அவளைத் தனியே அலையச் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மீது வழக்கு வராது. பாதுகாப்பு அலுவலரே அறிக்கை எழுதி, அவள் சார்பில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். மாஜிஸ்திரேட் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைத்து, அதிலிருந்து 60 நாளுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும். வீடு யார் பெயரில் இருந்தாலும் சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அவளை வெளியே தள்ள முடியாது. தேவைப்பட்டால் வேறு வீட்டுக்குக் கணவன் வாடகை கொடுக்கவும் உத்தரவிடலாம். "இந்த வீட்ல உனக்கு என்ன இருக்கு?" என்ற கேள்வியைக் கேட்டே பழகிய லைன் வீட்டுப் பெண்ணிடம் இதை யாராவது ஒருமுறை எடுத்துச் சொல்ல வேண்டாமா?

அந்த அலுவலர் ஏற்காட்டிலேயே உட்கார வேண்டும். மலை மக்களின் பேச்சும் பழக்கமும் தெரிந்த பெண்ணாக இருந்தால் நல்லது. கதவு சாத்திப் பேச ஓர் அறை கொடுங்கள். அதைவிட முக்கியம், வந்தவளை முதலில் தனியாகப் பேசவிடுவது. "குடும்பம் கலையக் கூடாது" என்று புருஷனையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சமரசம் பேசினால், அன்று ராத்திரி அதற்கும் சேர்த்து அடி விழும். அடிபட்டு வருகிறவளிடம் தனியாக விசாரிக்க, கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுங்கள்.

மே மாதம் கோடை விழாவுக்காக மாவட்ட நிர்வாகமே மலையேறி வருகிறது. சேர்வராயன் கோயில் திருவிழாவும் அதே மாதம்தான். மலைக் கிராமத்துப் பெண்கள் காவேரியம்மனைக் கும்பிட வருவார்கள். அங்கே ஒரு மருத்துவ முகாம் போட்டு, அதற்குள் இந்த அலுவலரையும் உட்காரவையுங்கள். வெளியே 'குடும்ப வன்முறை' என்று பலகை வைக்காதீர்கள். பார்த்தால் ஒருத்தியும் உள்ளே வரமாட்டாள்.

நியமனம் ஏற்கெனவே ஆகியிருந்தால், அலுவலரின் பெயரையும் போன் நம்பரையும் அங்கன்வாடிகளிலும், பஸ் ஸ்டாண்டில் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறமும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் அவளோடு யாரும் வருவதில்லை. நியமனம் இன்னும் ஆகவில்லை என்றால், நீதிமன்றம் கொடுத்த ஆறு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. தயவுசெய்து இந்த வாரமே கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டுவாசி ஒருவர்