டோன் ஒன்று 25 ரூபாய்

பி.காம். படித்தவனைத் தனியாக மியூசிக் கடைக்கு அனுப்பக்கூடாது. என்னை அனுப்பினார்கள்.

அனுப்பியது என் மனைவி. ஏலச்சீட்டு எடுத்த கையோடு பதினைந்தாயிரத்தை எண்ணிக் கொடுத்து, "மூணு வருஷமா ராத்திரியெல்லாம் அதையேதான் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. போய் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஆனா இவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது" என்றாள்.

'அதையே' என்று அவள் சொன்ன சமாசாரத்தை முதலில் விளக்கிவிடுகிறேன். சிந்தஸைசரில் வாசிக்கிற ஒருவகை இசை. தாளம் இருக்காது. இருந்தாலும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எங்கோ பின்னால் இருக்கும். பல்லவி, சரணம் எதுவும் கிடையாது. ஒரு ஸ்வரம் மார்கழிப் பனி மாதிரி மெல்லக் கிளம்பும், நிற்கும், அதன்மேல் இன்னொன்று வந்து படியும். முதலாவது எப்போது போயிற்று என்று உங்களுக்குத் தெரியாது. ஆம்பியன்ட் என்பார்கள்.

பிரையன் ஈனோ என்ற இங்கிலாந்துக்காரர் 1975-ல் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒரு ஹார்ப் இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மனிதர் தட்டுத் தடுமாறி எழுந்து அதைப் போட்டுவிட்டு வந்து படுத்தபின் பார்த்தால், சத்தம் ரொம்பக் கம்மி. ஸ்டீரியோவில் ஒரு பக்கம் வேலையே செய்யவில்லை. மறுபடி எழுந்திருக்கத் தெம்பில்லை. பாதி கேட்டும் கேட்காமலும் கிடந்தபோது, அறை வெளிச்சம் மாதிரி, மழைச் சத்தம் மாதிரி, இசையும் அந்த இடத்தில் ஒரு பாகமாக இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியதாம். பிற்பாடு விமான நிலையங்களுக்கென்றே ஓர் ஆல்பம் போட்டார்.

அவர் படுக்கையில் மாட்டிக்கொண்டார். நான் மாட்டிக்கொண்டது ஆடிட் ஆபீஸில், ஒரு மார்ச் 31 ராத்திரி, பேங்க் ரீகன்ஸிலியேஷனில் 430 ரூபாய் உதைத்தபோது. அப்புறம் வேலையை விட்டேன். எழுதிப் பிழைக்கிறேன். (சிரிக்க வேண்டாம்.) எழுதிப் பிழைக்கிறவனுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு டாண் என்று முழிப்புத் தட்டும். போன மாசக் கட்டுரைக்குப் பணம் எப்போது அக்கவுன்டில் ஏறும், பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்ன என்று மனசு ட்ரையல் பேலன்ஸ் போட ஆரம்பிக்கும். அந்த நேரத்துக்குத் துணை இந்த இசைதான். கேட்டுக் கேட்டு, நாமே வாசித்தால் என்ன என்ற விபரீத ஆசை வந்துவிட்டது.

கடைக்குப் போனேன். கடைப் பையன் ஒரு சுவிட்சை அழுத்தினான். கீபோர்டு தானே வாசித்தது, டிரம்ஸ், கிடார், புல்லாங்குழல் சகிதம். நான் ஜென்மத்தில் வாசிக்கப் போவதைவிட நன்றாகவே இருந்தது.

"ஸார், இதுல 580 டோன், 200 ரிதம். 14,500 ரூபா. பக்கத்துல இருக்கறது 13,000, ஆனா 400 டோன்தான்."

எனக்குள்ளிருந்த காமர்ஸ் கிராஜுவேட் விழித்துக்கொண்டான். 13,000-ஐ 400-ஆல் வகுத்தால் டோன் ஒன்று முப்பத்திரண்டரை ரூபாய். 14,500-ஐ 580-ஆல் வகுத்தால் இருபத்தைந்தே ரூபாய்! ஒரு டோனுக்கு ஏழரை ரூபாய் லாபம். பில் போடச் சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியது 'பேட்' என்கிற வகை டோன். மெத்தை மாதிரி அடியில் பரவி நிற்கிற சத்தம். 1991-ல் கீபோர்டு கம்பெனிகள் ஜெனரல் மிடி என்று ஒரு பொதுப் பட்டியலுக்கு ஒத்துக்கொண்டன. மொத்தம் 128 சத்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். முதல் நம்பர் பியானோ. 126 ஹெலிகாப்டர், 127 கைதட்டல், 128 துப்பாக்கி வெடிச்சத்தம். பேட் வகையறா 89 முதல் 96 வரை. எண்ணிப் பாருங்கள், எட்டே எட்டு.

என் கீபோர்டிலும் அந்தப் பட்டியல் இருந்தது. மிச்சமுள்ள டோன்களில் எனக்கு உபயோகமானது எதுவும் தேறவில்லை. கணக்கை மறுபடி போட்டேன். 14,500 வகுத்தல் 8. டோன் ஒன்று 1,812 ரூபாய் 50 காசு.

அந்த எட்டும் சரியாக இருந்ததா என்றால், இல்லை. விரலை வைத்ததும் சத்தம் ஆபீஸ் லிஃப்ட் மாதிரி டக்கென்று வந்தது. எடுத்ததும் டக்கென்று போனது. சஸ்டெயின் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் எல்லா டோனுக்கும் ஒரே நீளத்தில் ஒரு வால் முளைத்தது. பனியும் இல்லை, மூட்டமும் இல்லை.

பழைய ஆபீஸில் எனக்கு சீனியர் ஒருவர் உண்டு. வாரத்தில் ஐந்து நாள் அக்கவுன்ட்ஸ், சனி ஞாயிறு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. அவரிடம் போய் அழுதேன்.

"தம்பி, ஒரு ஸ்வரத்துக்கும் சர்வீஸ் ரிஜிஸ்டர் உண்டு, தெரியுமா?" என்றார். "கட்டையை அமுக்கறே. வேலைக்குச் சேர்ந்தாச்சு. உற்சாகம் ஏறுது பாரு, அது அட்டாக். பியானோன்னா முதல் நிமிஷமே உச்சத்துக்கு ஏறிடும். சிலது மெல்ல ஏறும். ஏறின உற்சாகம் கொஞ்ச நாள்ல இறங்குது பாரு, அது டீகே. அப்புறம் ரிட்டயராகிற வரைக்கும் ஒரே லெவல், சஸ்டெயின். விரலை எடுத்துட்டே, ரிட்டயர்மென்ட். அதுக்கப்புறமும் சத்தம் கொஞ்ச நேரம் ஓடும். அதுக்குப் பேர் ரிலீஸ். பென்ஷன்யா!"

(பென்ஷன் இல்லாத உத்தியோகத்தில் இருக்கும் வாசகர்கள் மன்னிக்கவும். நானும் உங்கள் கட்சிதான்.)

"அப்ப என் கீபோர்டுல பென்ஷன் கிடையாதாண்ணே?"

"கம்பெனிக்காரனே எவ்வளவுன்னு ஃபிக்ஸ் பண்ணி அனுப்பிட்டான். உன் மாடல்ல நீ கை வைக்க முடியாது. உனக்கு வேண்டியது லேட்டா வந்து லேட்டா போற ஆளு. பென்ஷன் மட்டும் பத்து செகண்டு. இதை உன் கையால திருப்பி வெக்க முடியணும். டோன் எத்தனைன்னு கேக்காதே. ஒரே ஒரு டோனை எத்தனை விதமா மாத்தலாம்னு கேளு."

அதோடு இரண்டு விஷயம் சேர்த்துச் சொன்னார். ஒன்று, ஃபில்டர். கல்யாண மண்டபத்துக் கதவு மாதிரி. கதவு சாத்தியிருந்தால் உள்ளே நடக்கும் கச்சேரியில் வெறும் 'தும் தும்' மட்டும் வெளியே கேட்கும். கதவைத் திறக்கத் திறக்க ஜால்ரா வரை தெளிவாகும். அந்தக் கதவை நிதானமாகத் திறந்து மூடுவதிலேயே இந்த இசையில் பாதி வித்தை அடங்கிவிடுகிறது. இன்னொன்று ரிவெர்ப், டிலே. கோயில் பிராகாரத்தில் நின்று பேசினால் சுவர்கள் திருப்பிச் சொல்லுமே, அது.

"வீட்டுக் கீபோர்டை ஒரேயடியா மட்டமா நினைக்காதே" என்றும் சொன்னார். அது நியாயம். ழான் மிஷெல் ழார் என்ற பிரெஞ்சுக்காரர் 1976-ல் வெளியிட்ட 'ஆக்ஸிஜன்' ஆல்பம் பாரிஸில் வீட்டிலேயே பதிவு செய்தது. அதில் மேகம் மாதிரி மிதக்கிற வயலின் கூட்டம், எமினென்ட் என்ற டச்சு வீட்டு ஆர்கன். அந்தச் சத்தத்தைக் கிடார்காரர்கள் காலால் மிதிக்கிற ஒரு சின்ன ஃபேஸர் பெட்டி வழியாக விட்டார், அவ்வளவுதான். ஆகவே வீட்டில் தூசி படிந்த கீபோர்டு ஏதாவது இருந்தால், உடனே புதுசுக்கு ஓடாதீர்கள். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் இழுத்து, கிடார் வாசிக்கிற நண்பனின் டிலே பெடலில் செருகிப் பாருங்கள். நானும் செய்தேன். என் எட்டில் இரண்டு டோன் பிழைத்துக்கொண்டன. பத்து நாளில் கிடார்க்காரன் பெடலைத் திரும்பக் கேட்டுவிட்டான்.

சீனியர் சொன்ன இன்னொரு வழி, கம்ப்யூட்டர். சொந்தமாக ஒரு சத்தமும் இல்லாத வெறும் மிடி கட்டைப் பலகையை யு.எஸ்.பி.யில் செருகவேண்டியது. சத்தத்தை மென்பொருள் தரும். 'வைட்டல்' என்று ஒன்று 2020-ல் வந்தது, 'சர்ஜ் எக்ஸ்டி' என்று இன்னொன்று. வைட்டலில் இலவசப் பதிப்பு இருக்கிறது, சர்ஜ் முழுக்கவே இலவசம். ரெகார்டிங் மென்பொருள் வைத்திருந்தால் அதற்குள் போட்டுக்கொள்ள 'வால்ஹல்லா சூப்பர்மாஸிவ்' என்று ஒரு ஓசி எதிரொலிப் பெட்டியும் உண்டு. பிராகாரம் என்ன, ஆகாயமே திருப்பிச் சொல்லும். கையில் சுமாரான கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் ஒத்துவரவில்லை. பகலெல்லாம் அந்தத் திரையைப் பார்த்துத்தான் பிழைப்பு. ராத்திரியும் அதன் முகத்தில் விழித்தால், எழுதாத கட்டுரைகள் வரிசையாக நின்று 'என்ன ஸார்?' என்று கேட்கின்றன.

ஆக, தனி சிந்தஸைசர். ஆக, வீட்டில் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, "ஒரு சின்ன ராங் பர்ச்சேஸ் ஆயிடுச்சு" என்று ஆரம்பித்தேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "பத்து வருஷம் ஆடிட் ஆபீஸ்ல இருந்தீங்க. ஊரான் கணக்கெல்லாம் பார்த்தீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதை வித்துட்டு வாங்கிக்குங்க. மேல ஆகறது உங்க பாடு. சீட்டுப் பணத்துல கை வெக்கக்கூடாது."

தெருமுனைப் பிள்ளையார் கோயில் பஜனைக் குழுவினர் 11,000-க்கு வாங்கிக்கொண்டார்கள். ஸ்டாண்டு இலவசம். 200 ரிதம் என்றதும் செயலாளர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்! அந்தக் கீபோர்டு மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர்களுக்குச் செய்ததை நான் வாங்கிவிட்டேன்.

மேல் பணத்துக்கு நான்கு கட்டுரை எழுதினேன். அப்புறம் செகண்ட் ஹேண்டில் தேடல். இந்த இசையின் பழைய ஜாம்பவான்கள் வைத்திருந்ததெல்லாம் நமக்குக் கனவில்கூடத் தாங்காது. 1982-ல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்துக்கு வேன்ஜலிஸ் வாசித்த யமஹா சி.எஸ்.80, எண்பது கிலோவுக்கு மேல் கனம். எங்கள் இரண்டாவது மாடிக்கு ஏற்ற நாலு பேர் வேண்டும். இறக்கவும் நாலு பேர் வேண்டும், எனக்கும் சேர்த்து.

கடைசியில் அகப்பட்டது ஒரு மைக்ரோகோர்க். 2002-ல் வந்த மாடல். 37 குட்டிக் கட்டைகள், பிடித்துத் திருப்ப ஐந்து குமிழ்கள். கரண்ட் போனால் ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும். இந்தத் தடவை வகுத்தல் கணக்குப் போடவில்லை. விற்றவர் வீட்டில் உட்கார்ந்து, நான்கு கட்டைகளைச் சேர்த்து அமுக்கி, கையை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் போகிற வழியைப் பார்த்தேன். ரிலீஸ் குமிழைத் திருப்பிவிட்டு மறுபடி. ஒவ்வொரு கட்டையாக, ஒவ்வொரு குமிழாகக் கரகரப்பு இருக்கிறதா என்று. அடாப்டர் ஒரிஜினல்தானா, ப்ளஸ் உள்ளேயா வெளியேயா என்று. விற்றவரின் அப்பா மூன்று தடவை எட்டிப் பார்த்தார். "ரிப்பேருங்களா?" என்றார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இதில் ஸ்பீக்கர் கிடையாது. ரிவெர்ப் கிடையாது, டிலேயை வைத்துச் சமாளிக்கவேண்டும். எல்லாவற்றையும்விட, ஒரு சமயத்தில் நாலே நாலு ஸ்வரம்தான் ஒலிக்கும். ஐந்தாவது கட்டையை அமுக்கினால் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிற பெரியவர் ஒருவரைத் தள்ளிவிட்டுத்தான் புதியவர் உட்காருவார். இரண்டு சத்தத்தை அடுக்கி வாசித்தால் நாலும் இரண்டாகிவிடும். நீண்ட ரிலீஸ் வைத்து வாசிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். கையில் காசிருந்தால் எட்டு குரலாவது உள்ளதாகப் பாருங்கள். என்னிடம் இல்லை. ஆகவே நாலு ஸ்வரத்தோடு நிறுத்திக்கொண்டு, அது முழுக்கப் போனபிறகு அடுத்ததைத் தொடுகிறேன். வாத்தியத்தின் பெரிய குமிழில் டிரான்ஸ், டெக்னோ, ஹிப்ஹாப், ரெட்ரோ என்று வரிசையாக எழுதியிருக்கிறது. நம் சங்கீதத்தின் பெயர் மட்டும் அதில் இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை பழைய ஹோம் தியேட்டர் ஸ்பீக்கரில் இணைத்து, கீழ்க் கட்டையில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தபடி ஃபில்டர் கதவை மெல்லத் திறந்துகொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற கட்டம். கதவைத் தட்டினார்கள், நிஜக் கதவை. கீழ் வீட்டுக்காரர். "ஸார், மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டீங்களா? டேங்க் நிறைஞ்சு அரை மணி ஆச்சு போலிருக்கு."

அன்றிலிருந்து ஹெட்போன், ராத்திரி ரெண்டு மணி. ட்ரையல் பேலன்ஸ் இப்போதும் டாலி ஆகவில்லை. ஆனால் ஒரு ஸ்வரம் கரைந்து முடியும்வரை காத்திருக்கும்போது, ஸ்கூல் ஃபீஸ் தேதி ஞாபகத்துக்கு வருவதில்லை. ஒருநாள் மனைவி எழுந்து வந்து, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். பத்து நிமிஷம் வாசித்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இதுல பாட்டு எப்ப வரும்?"

பதில் யோசித்துச் சொல்வதற்குள் அங்கேயே தூங்கிப்போயிருந்தாள்.

மார்கழி பிறந்தது. மூணு மணிவரை வாசித்துவிட்டுப் படுத்தவனை விடியற்காலை ஐந்துக்குத் தூக்கிவாரிப் போட்டது லவுட் ஸ்பீக்கர். பிள்ளையார் கோயில் பஜனை. பின்னாலேயே என் பழைய கீபோர்டு, ஆர்ப்பாட்டமாக. அந்த ரிதம் எனக்கு மனப்பாடம். போல்கா. பிள்ளையாருக்கு போல்கா!

சமையலறையிலிருந்து குரல் வந்தது: "கேளுங்க. அது பாட்டு!"