சோவியத் அணுகுண்டும் அமெரிக்காவின் அறிவியல் உளவு அலுவலகமும்: ஒரு மறுப்பு

1949ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டை வெடித்துக் காட்டியபோதுதான் அமெரிக்க அரசு விழித்துக்கொண்டது என்றும், அந்த அதிர்ச்சியின் விளைவாகவே சி.ஐ.ஏ.வின் அறிவியல் உளவு அலுவலகம் உருவானது என்றும், அதுவரை வேற்று நாட்டு ஆய்வுக்கூடங்களில் நடப்பதைக் கணிக்கும் அறிவியல் வல்லமை அந்நாட்டிடம் இருக்கவே இல்லை என்றும் பனிப்போர்க் கால வரலாறு பரவலாகச் சொல்லப்பட்டுவருகிறது. எதிரி நாட்டின் அறிவியல் ஆய்வும் தொழில்நுட்ப உற்பத்தியும் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன, எப்போது எத்தகைய ஆயுதமாக உருப்பெறக்கூடும் என்பவற்றை, கிடைக்கும் தடயங்களைக் கொண்டு அறிவியலாளர்களே ஆராய்ந்து கூறும் பணியே அறிவியல் உளவு எனப்படுகிறது. அந்தப் பணியின் தொடக்க வரலாறு மேற்கண்ட கதைக்குப் பொருந்தவில்லை. அதிர்ச்சி உண்மையானதே, அதற்குக் கற்பிக்கப்படும் காரணம் பிழையானது.

முதற்கண், கால வரிசையே இக்கூற்றுக்கு எதிராக நிற்கிறது. சோவியத் குண்டு கசக்ஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் சோதனைக் களத்தில் வெடித்தது 1949 ஆகஸ்ட் 29 அன்று. அறிவியல் உளவு அலுவலகமோ 1948 டிசம்பரின் இறுதி நாளில் நிறுவப்பட்டு, புத்தாண்டு முதல் இயங்கத் தொடங்கிவிட்டது. அதை நிறுவத் தூண்டியது குண்டு அன்று, ஓர் அறிக்கை. அமெரிக்க அரசுத் துறைகளைச் சீரமைப்பதற்காக அமைந்த ஹூவர் ஆணையத்தின் சார்பில் தேசியப் பாதுகாப்பு அமைப்புகளை ஆராய்ந்த எபர்ஸ்டாட் குழு, அறிவியல், மருத்துவத் துறைகளில் உளவுப் பணி மிகவும் பின்தங்கியிருப்பதை 1948இன் பிற்பகுதியில் கண்டித்தது. அக்கண்டனத்தின் விளைவாகவே, அதுவரை சி.ஐ.ஏ.வின் மதிப்பீட்டுப் பிரிவுக்குள் ஒரு சிறு கிளையாக ஒடுங்கிக் கிடந்த பணி தனி அலுவலகமாக உயர்த்தப்பட்டு, மருத்துவரான வில்லர்ட் மேக்லி அதன் தலைவரானார். ஆகவே குண்டு வெடித்த நாளில் அந்த அலுவலகத்துக்கு வயது எட்டு மாதம்.

அதற்கு முன்பு ஒன்றுமே இல்லை என்ற கூற்றும் நிற்காது. அணுகுண்டை உருவாக்கிய மன்ஹாட்டன் திட்டத்தின் தலைவரான ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ், இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே அயல்நாட்டு அணு ஆய்வுகளைக் கண்காணிக்கத் தனிப் பிரிவு வைத்திருந்தார். 1943இல் தொடங்கிய ஆல்சோஸ் என்னும் பணிக்குழு, படை அதிகாரியான போரிஸ் பாஷின் தலைமையிலும் இயற்பியலாளர் சாமுவேல் கௌட்ஸ்மிட்டின் அறிவியல் பொறுப்பிலும், முன்னேறிச் செல்லும் படைகளின் பின்னாலேயே இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளுக்குள் சென்றது. 1944 நவம்பர் இறுதியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரம் வீழ்ந்தபின், அங்கிருந்த ஜெர்மன் இயற்பியலாளர்களின் கடிதங்களையும் ஆய்வுத் தாள்களையும் படித்தே ஜெர்மனியிடம் அணுகுண்டு இல்லை என்ற முடிவுக்கு கௌட்ஸ்மிட் வந்தார். ஒரு சமன்பாட்டைப் பார்த்தவுடன் அதை எழுதியவர் எந்தக் கட்டத்தில் தடுமாறிக்கொண்டிருக்கிறார் என்று உணரக்கூடியவர் அதே துறையில் தேர்ந்தவரே என்பதால், ஒற்றரின் துணிச்சலைவிட இயற்பியலாளரின் வாசிப்பே அங்கு முடிவைத் தந்தது. அறிவியல் உளவின் அடிப்படை முறை இவ்வாறு போர்க்களத்திலேயே கைவரப்பெற்றிருந்தது. குரோவ்ஸின் பிரிவைச் சேர்ந்தோரும் அவர்களுடைய கோப்புகளும் 1947இன் தொடக்கத்தில், சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடியான மத்திய உளவுக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டதும் நினைவில் கொள்ளத்தக்கது.

அடுத்து, கணிப்பு பிழைத்ததற்கு அறிவியல் அறியாமையே காரணம் என்ற வாதத்தைப் பார்க்க வேண்டும். இதுவே அக்கதையின் மையம், மிக எளிதாக நம்பப்படுவதும் இதுவே. சோவியத் ஒன்றியம் 1950இன் நடுப்பகுதிக்கு முன் குண்டு செய்ய இயலாது, பெரும்பாலும் 1953இன் நடுப்பகுதியில்தான் செய்யும் என்று 1948 ஜூலையிலும் மீண்டும் 1949 ஜூலையிலும் அமெரிக்க உளவு அமைப்புகள் மதிப்பிட்டிருந்தன. அந்தக் கணக்கு வெறும் ஊகம் அன்று. கிழக்கு ஜெர்மனியின் பிட்டர்ஃபெல்ட் நகரத் தொழிற்சாலையிலிருந்து தூய கால்சியம் உலோகம் ரஷ்யாவுக்குச் செல்வதை அமெரிக்க, பிரித்தானிய உளவாளர்கள் கண்டறிந்திருந்தனர். யுரேனியச் சேர்மத்திலிருந்து யுரேனிய உலோகத்தைப் பிரித்தெடுக்கத் தூய கால்சியம் பயன்படும். அந்த உலோகம் அணு உலையில் எரிபொருளாகும். அந்த உலையில்தான் குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியம் உருவாகும். ஒரு சரக்கு ரயிலில் ஏறும் உலோகத்தைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஓர் அணு உலையின் இருப்பை உய்த்துணர்ந்தவர்களை அறிவியல் அறியாதவர்கள் என்று சொல்வது நியாயமாகாது.

பிழை வேறோர் இடத்தில் இருந்தது. நல்ல யுரேனியத் தாது சோவியத் நாட்டில் அரிது என்ற குரோவ்ஸ் காலத்து நம்பிக்கை, புதிய தடயங்களால் சோதிக்கப்படாமலேயே ஒவ்வொரு கணக்குக்கும் அடித்தளமாக இருந்துவந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் யாக்கிமோவ் சுரங்கங்களும் கிழக்கு ஜெர்மனியின் சாக்சனிச் சுரங்கங்களும் பெரும் ஆள்பலத்துடன் தோண்டப்பட்டது அந்த நம்பிக்கையைப் போதிய அளவு அசைக்கவில்லை. அமெரிக்க வடிவமைப்பின் நுட்பங்களை, மன்ஹாட்டன் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் கிளாஸ் ஃபூக்ஸ் உள்ளிருந்தே சோவியத்துக்குத் தந்துவிட்டிருந்தார் என்பதும் அப்போது கணக்கில் சேரவில்லை. எனினும் இவற்றைவிட ஆழமான குறை அமைப்பில் இருந்தது. அதற்கு 1949 செப்டம்பர் மாதமே சான்று.

அணு வெடிப்பைத் தொலைவிலிருந்து கண்டறியும் பொறுப்பு 1947 செப்டம்பரில் விமானப் படைக்கு அளிக்கப்பட்டிருந்தது. 1949 செப்டம்பர் 3 அன்று, ஜப்பானிலிருந்து அலாஸ்காவுக்குப் பறந்த டபிள்யூ.பி.-29 விமானம் ஒன்றின் வடிதாள், அதாவது காற்றிலுள்ள தூசியைப் பிடித்துவைக்கும் தாள், நிமிடத்துக்கு 85 கதிரியக்கத் துடிப்புகளைக் காட்டியது; 50ஐத் தாண்டினாலே எச்சரிக்கை எழுப்ப வேண்டும் என்பது விதி. அடுத்த நாள்களில் மேலும் பல விமானங்கள் தூசி திரட்டின. அணுப்பிளவில் பிறக்கும் கதிரியக்கத் தனிமங்களை வேதியியலாளர்கள் அதில் பிரித்துக் காட்டினர். பொறியாளர் வன்னவர் புஷ் தலைமையில், இயற்பியலாளர் ராபர்ட் ஓப்பன்ஹைமரையும் உள்ளடக்கிய வல்லுநர் குழு செப்டம்பர் 19 அன்று கூடி, இது சோவியத் வெடிப்பின் எச்சமே என்று ஏற்றது. எதிரியே அறிவிக்காத ஒரு சோதனை மூன்றே வாரங்களில் ஐயமற நிறுவப்பட்டதை அறிவியல் உளவின் தோல்வி என்று எவ்வாறு அழைக்க முடியும்?

ஆனால் மறுநாளான செப்டம்பர் 20ஆம் தேதியிட்டு சி.ஐ.ஏ. வெளியிட்ட மதிப்பீட்டுக் குறிப்பு, சோவியத் குண்டுக்கு 1950இன் நடுப்பகுதியே மிக முந்திய காலம், 1953இன் நடுப்பகுதியே பெரிதும் வாய்ப்புள்ள காலம் என்று பழைய கணக்கையே திரும்பச் சொல்லியது. செப்டம்பர் 23 அன்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் உலகுக்கு உண்மையை அறிவித்தார். ஒரே அரசின் ஒரு கை கண்டறிந்துவிட்டதன் சுவடே மறு கை எழுதிய ஆவணத்தில் இல்லை. செப்டம்பர் 19, 20 ஆகிய இரு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், குறைபட்டது அறிவியல் என்று சொல்லமாட்டார். துறைகளுக்கிடையே எழுப்பப்பட்ட சுவர்களே குறைபாடு என்பதைக் காண்பார்.

புதிய அலுவலகத்தின் தலைவரே அதைக் கண்டார். செப்டம்பர் 29 அன்று மேக்லி தம் இயக்குநர் ஹில்லன்கோட்டருக்கு எழுதிய குறிப்பில், தம் அலுவலகம் தன் கடமையை நிறைவேற்ற இயலாத நிலையில் இருப்பதை வெளிப்படையாகவே முறையிட்டார். மதிப்பிட வேண்டிய பொறுப்பு அந்த அலுவலகத்தின் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. ஆனால் தகவல் திரட்டும் பிரிவுகளையோ படைத் துறைகளையோ பணிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த நேர்மையான குறிப்பை அலுவலகத்தின் இயலாமைக்கு ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்காட்டுவோர், அது எதைக் கேட்டது என்பதைக் கவனிப்பதில்லை.

குண்டுக்குப் பின் எல்லாம் சீராயிற்று என்பதும் அதே கதையின் தொடர்ச்சியே, அதுவும் உண்மையன்று. துறைகளை இணைக்க 1949 அக்டோபரில் அறிவியல் உளவுக் குழு ஒன்று அமைந்தது. ஆனால் ஆயுதங்களைப் பற்றிய கணிப்பு தமக்கே உரியது என்று படைத் துறைகள் அதில் விட்டுக்கொடுக்காமல் நின்றன. மேக்லி 1950இல் விலக, வேதியியலாளர் மார்ஷல் சாட்வெல் பொறுப்பேற்றார். 1952 ஆகஸ்டில் அக்குழு கலைக்கப்பட்டு, ஆயுதம் சார்ந்த உளவில் படைத் துறைகளுக்கும் அடிப்படை அறிவியலில் சி.ஐ.ஏ.வுக்கும் முதன்மைப் பொறுப்பு எனப் பங்கிடப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் இருக்கும்வரை ஒரு துறைக்கு, ஆயுதமாகிவிட்டால் இன்னொரு துறைக்கு என்னும் இந்தப் பிரிப்பு, தொடர்ச்சியான ஒரே வளர்ச்சியை நடுவில் வெட்டியது. அணு ஆற்றல் மட்டுமே விதிவிலக்காகக் கூட்டுக் குழுவின் கீழ் தொடர்ந்தது. வழிநடத்தப்படும் ஏவுகணைகளுக்கு அத்தகைய கூட்டுக் குழு 1956இல்தான் வந்தது. 1963இல் ஆல்பர்ட் வீலனின் பொறுப்பில் சி.ஐ.ஏ.வின் அறிவியல் தொழில்நுட்ப இயக்ககம் உருவாகி, இந்த அலுவலகமும் அதற்குள் வந்த பிறகே, தொழில்நுட்பக் கருவிகளால் தகவல் திரட்டுவோரும் அதைப் படித்துப் பொருள் காண்போரும் ஒரே தலைமையின் கீழ் வேலை செய்யலாயினர்.