தப்புக்கு டிக்கெட்!

ஆபீஸில் ஒரு தப்பு பண்ணினால் என்ன கிடைக்கும்? மெமோ. கொஞ்சம் பெரிய தப்பென்றால் இன்க்ரிமென்ட் கட். அதைவிடப் பெரிசென்றால், வீட்டில் உட்கார்ந்து பேப்பரை வரி விளம்பரம் வரை நிதானமாகப் படிக்கலாம்.

ஆனால் தப்பு ரொம்ப ரொம்பப் பெரிசாக இருந்தால்? அதற்கு வேலி போட்டு, வாசலில் ஒரு ஆளை உட்கார வைத்து, டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்!

ஜோக் இல்லை ஸார். டூரிஸ்டுகள் மூட்டை கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிற சில அதிசயங்களின் ஜாதகத்தைப் புரட்டினால் விஷயம் தெரியும். இயற்கை தானாகச் செய்தது இல்லை, மனுஷன் பிளான் போட்டுக் கட்டியதும் இல்லை. அவன் எங்கேயோ ஓட்டை போட்டான், எதையோ கொளுத்தினான், ஏதோ தண்ணீரைத் திறந்துவிட்டான். பாக்கியை பூமி பார்த்துக்கொண்டது.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் 'பற்று யார் கணக்கில், வரவு யார் கணக்கில்?' என்று கேட்கத் தோன்றும். இந்த வாரம் அந்த வியாதியோடு ஐந்து இடங்களைச் சுற்றி வரலாம். விசா வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டாம், லீவ் லெட்டரும் வேண்டாம்.

நரகத்தின் கதவு

முதல் ஸ்டாப், துர்க்மெனிஸ்தான். தலைநகர் அஷ்காபாத்திலிருந்து வடக்கே சுமார் 260 கிலோமீட்டர் தள்ளி, காரகும் பாலைவனத்தின் நடுவில், ஏறக்குறைய 70 மீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம். பள்ளம் பூரா நெருப்பு! ஊர் பெயர் தர்வாசா. இந்திப் படத்தில் 'தர்வாஜா கோலோ' என்று கத்துவார்களே, அதே தர்வாஜாதான். கதவு. டூரிஸ்டுகள் அதை இன்னும் கொஞ்சம் இழுத்து 'நரகத்தின் கதவு' ஆக்கிவிட்டார்கள்.

1971-ல் சோவியத் நிபுணர்கள் இயற்கை எரிவாயு தேடித் துளை போட்டார்களாம். தரை அப்படியே உள்ளே போய்விட்டதாம். கேஸ் பரவுகிறதே என்று, 'கொளுத்திவிடு, சில நாளில் எரிந்து தீர்ந்துவிடும்' என்றார்களாம். ஏன் இத்தனை 'ஆம்'? உள்ளூர் நிபுணர்கள் சிலர், பள்ளம் விழுந்தது 1960-களில், தீ வைத்தது 1980-களில் என்கிறார்கள். எழுதி வைத்த ரெக்கார்டு ஒன்றும் வெளியே வரவில்லை. ஃபைல் காணாமல் போவது உலகப் பொது வழக்கம்!

பாலை இறக்கிவிட்டு அடுப்பை ரெண்டு நிமிஷம் அணைக்க மறந்தாலே நம் வீட்டில் ஊர் கூடிவிடும். இங்கே பல பத்து வருஷமாக அடுப்பை யாரும் அணைக்கவில்லை. 2010-ல் ஜனாதிபதி 'மூடுங்கள்' என்றார். மூடவில்லை. 2019-ல், அவர் இறந்துவிட்டார் என்று வதந்தி கிளம்பியபோது, அதே பள்ளத்தைச் சுற்றி அவர் கார் ஓட்டுகிற காட்சியை அரசு டி.வி. காட்டியது. ஆள் உயிரோடு இருப்பதற்கு நரக வாசலில் அத்தாட்சி! 2022-ல் மறுபடி 'அணையுங்கள்' என்றார். சுற்றிலும் கிணறு போட்டு கேஸை உறிஞ்சியதில், தீ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாக 2025-ல் அதிகாரிகள் சொன்னார்கள். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சீக்கிரம் கிளம்புவது உத்தமம்.

கணக்கு? விற்றுக் காசாக்கியிருக்க வேண்டிய சரக்கு எரிந்து போனது பற்று. உலகப் புகழ் வரவு.

மூடாத குழாய்

அடுத்தது அமெரிக்காவின் நெவாடா பாலைவனம். அங்கே 'ஃப்ளை கீஸர்' என்று ஒரு வெந்நீர் ஊற்று. ஆளைவிட உயரமான மேடு. சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று ஹோலி முடிந்த மறுநாள் மாதிரி இருக்கும். உச்சியிலிருந்து வெந்நீர் நாள் பூரா பீச்சியடிக்கும்.

1916-ல் பாசனத்துக்காக அங்கே கிணறு தோண்டினார்கள். வந்தது கிட்டத்தட்ட கொதிக்கிற தண்ணீர். பயிருக்கு விட்டால் அறுவடைக்கு முன்பே அவியல்! விட்டுவிட்டுப் போனார்கள். 1964-ல் பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்க ஒரு கம்பெனி வந்து பக்கத்திலேயே துளை போட்டது. தண்ணீரின் சூடு சுமார் 93 டிகிரி செல்ஷியஸ். 'பத்தாது' என்று துளையை மூடிவிட்டுக் கிளம்பினார்கள். சரியாக மூடவில்லை. தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. அதிலிருந்த தாதுக்கள் படிந்து படிந்து மேடு வளர்ந்தது. சூடு தாங்குகிற பாசிகள் குடியேறி இலவசமாக பெயின்ட் அடித்தன. புதுசு கிளம்பியதும் 1916-ன் பழைய ஊற்று வற்றிவிட்டது. புது ஆள் வந்ததும் சீனியரின் மேஜைக்கு டீ வருவது நிற்குமே, அந்த மாதிரி.

2016-ல் 'பர்னிங் மேன்' விழா நடத்துகிற அமைப்பு அந்தப் பண்ணையை 65 லட்சம் டாலருக்கு வாங்கியது. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால் கைடோடு நடந்து போய்ப் பார்க்கலாம். ஐந்தில், யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லாத கணக்கு இது ஒன்றுதான்.

வெளியே விட்ட தண்ணீர்

ஐஸ்லாந்தில் 'ப்ளூ லகூன்' என்று ஒரு குளம். பால் கலந்த நீல நிறம், சுமார் 38 டிகிரி சூடு. சுற்றிலும் கறுப்பு எரிமலைப் பாறை. தேனிலவுத் தம்பதிகள் முகத்தில் வெள்ளைச் சேற்றைப் பூசிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிற இடம்.

அந்தத் தண்ணீர், ஸ்வார்ட்செங்கி என்ற மின் நிலையம் வேலை முடிந்து வெளியே விட்டது. 1976-ல் அதைப் பாறைப் பக்கம் திறந்துவிட்டார்கள். சல்லடை மாதிரி ஓட்டைப் பாறை, உறிஞ்சிக்கொள்ளும் என்று எண்ணம். ஆனால் தண்ணீரிலிருந்த சிலிக்கா படிந்து ஓட்டைகளை அடைத்துவிட்டது. குளம் தேங்கியது. 1981-ல் சொரியாசிஸ் தொல்லை உள்ள ஒருவர் இறங்கிக் குளித்தார், தோலுக்கு இதமாக இருக்கிறது என்றார். 1987-ல் முறையான குளியல் வசதி வந்தது. இன்று ஐஸ்லாந்து போகிறவர்கள் லிஸ்டில் முதல் வரிசை ஐட்டம்.

பூமிச் சூட்டை வைத்துப் பிழைத்தால் பூமி சும்மா இருக்குமா? 2023 நவம்பரில் பக்கத்து ஊர் கிரின்டாவிக் கிடுகிடுவென்று ஆடியது. கிட்டத்தட்ட 3,800 பேர், மொத்த ஊரும் வெளியேறியது. எரிமலை அடுத்தடுத்து வெடித்தது. 2024 நவம்பரில் எரிமலைக் குழம்பு ப்ளூ லகூனின் கார் பார்க்கிங்கை மூடியது. தடுப்புச் சுவர்களால் குளம் தப்பித்து மறுபடி திறந்தது. வெளியேறிய பெரும்பாலானவர்கள் அரசிடம் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊரில் குடியேறினார்கள். இது யார் தப்பும் இல்லை. ஆனால் டூரிஸ்டுக்கு ரத்தானது ஒரு குளியல், ஊர்க்காரனுக்கு ஒரு வீடு.

ஏரி விழுங்கிய காலை

இப்போது லூசியானா. பென்யூர் என்ற ஏரி. ஆழம் சுமார் 10 அடிதான். ஏரிக்குக் கீழே உப்புச் சுரங்கம். ஏரிக்கு மேலே எண்ணெய் தேடும் ரிக். ஒரே வீட்டில் கீழே குடித்தனம், மாடியில் போர்வெல்!

1980 நவம்பர் 20, விடிகாலை. துளையிடும் கருவி எதிலோ சிக்கிக்கொண்டது. ரிக் சாய ஆரம்பித்தது. தொழிலாளிகள் கரைக்கு ஓடி வந்து திரும்பிப் பார்த்தால், 150 அடி உயர ரிக், 10 அடி ஆழ ஏரியில் காணோம்! சுரங்கத்தின் கூரையில் ஓட்டை விழுந்திருந்தது. ஏரியே சுழன்று சுழன்று உள்ளே இறங்கியது. 11 படகுகள், மரங்கள், 65 ஏக்கர் நிலம் எல்லாம் பின்னாலேயே போயின. ஏரியிலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கால்வாய் திசை மாறி, கடல் தண்ணீர் ஏரிக்குள் பாய்ந்தது. சுமார் 150 அடி உயர அருவி ஒன்று சில நாள் இருந்தது. பிறகு, முங்கின படகுகளில் ஒன்பது பாட்டில் கார்க் மாதிரி மேலே வந்தன.

சுரங்கத்தில் இருந்த சுமார் 50 பேரும் தப்பித்தார்கள். உள்ளே தண்ணீரைப் பார்த்ததும் ஒரு எலெக்ட்ரீஷியன் அலாரம் கொடுத்தார். வெளியேறும் ஒத்திகையை அடிக்கடி செய்து பழகியிருந்ததால் யாரும் முட்டி மோதவில்லை. அடுத்த தடவை ஆபீஸில் ஃபயர் டிரில் என்றால் கேன்டீனுக்கு நழுவாதீர்கள்.

தப்பு யாருடையது? மேப்பில் இடத்தைத் தப்பாகக் குறித்திருக்கலாம் என்று பேச்சு. சாட்சியம் முழுக்கத் தண்ணீரோடு போய்விட்டது. எண்ணெய்த் தரப்பு, சுரங்கத்துக்கு 3.2 கோடி டாலரும், கரையிலிருந்த தோட்டத்துக்கு 1.28 கோடி டாலரும் கொடுத்து முடித்தது. 1986-ல் சுரங்கம் ஒரேயடியாக மூடப்பட்டது. இப்போது அந்தத் தோட்டத்துக்குப் போனால், முங்கிப்போன வீட்டின் புகைபோக்கி மட்டும் ஏரியில் நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் காட்சி.

கீழே எரிகிற ஊர்

கடைசி ஸ்டாப், பென்சில்வேனியாவில் சென்ட்ரேலியா. நிலக்கரி ஊர். 1962 மே மாதம், வீரர்கள் நினைவு நாள் வருகிறதே என்று ஊர்க் குப்பை மேட்டைக் கொளுத்திச் சுத்தம் செய்தார்கள். பரவலாகச் சொல்லப்படுகிற காரணம் இதுதான். குப்பை மேடு இருந்தது ஒரு பழைய சுரங்கப் பள்ளத்தில். நெருப்பு நிலக்கரியைப் பிடித்துக்கொண்டு பூமிக்குள் போய்விட்டது.

ஆரம்பத்திலேயே தோண்டி அணைக்கப் பார்த்தார்கள். ஒதுக்கிய பணம் தீர்ந்தது, வேலையும் நின்றது. தீ நிற்கவில்லை. 1979-ல் பெட்ரோல் பங்க் வைத்திருந்த ஒருவர் தன் டாங்க் பெட்ரோலின் சூட்டை அளந்தார். சுமார் 78 டிகிரி செல்ஷியஸ்! 1981-ல் 12 வயசுப் பையன் ஒருவன் பாட்டி வீட்டுத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது காலடியில் நிலம் வாயைத் திறந்தது. வேரைப் பிடித்துத் தொங்கியவனை, அவனைவிட ரெண்டு வயசு பெரிய அண்ணன் முறைக்காரன் இழுத்து வெளியே போட்டான்.

அதற்குப் பிறகுதான் வாஷிங்டனுக்குக் காது கேட்டது. ஜனங்களை வேறு ஊருக்கு மாற்ற 4.2 கோடி டாலர் ஒதுக்கினார்கள். தீயை அணைக்க இல்லை. ஊரைக் காலி செய்ய! ஆரம்பத்தில் சிக்கனம் பிடித்த கணக்கு, வட்டியோடு வந்து நின்றது. 1980-ல் சுமார் 1,000 பேர் இருந்த ஊரில், 2020 கணக்கெடுப்பின்போது இருந்தது 5 பேர். 2002-ல் பின்கோடையே ரத்து செய்துவிட்டார்கள். தீ இன்னும் எரிகிறது.

ஊர் காலியானதும் டூரிஸ்டுகள் வந்தார்கள். வெடித்துப் போய்க் கைவிடப்பட்ட நெடுஞ்சாலையில் கலர் கலராகப் பெயர் எழுதினார்கள், ஹார்ட்டின் போட்டு அம்பு விட்டார்கள். 2020-ல் சாலைக்குச் சொந்தக்காரர்கள் லாரி லாரியாக மண் கொட்டி மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த சில பேர், சாகும்வரை எங்கள் வீட்டிலேயே இருக்க விடுங்கள் என்று கோர்ட்டில் போராடி 2013-ல் அனுமதி வாங்கியவர்கள். அவர்கள் வீட்டு வாசலில்தான் இத்தனை கார்களும் வந்து நின்றன.

இப்போது லெட்ஜரை மூடலாம். ஐந்து இடத்திலும் வரவு போட்டோ எடுத்தவனுக்கு. பற்று, அவன் வருவதற்கு முன் அங்கே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தவனுக்கு. அப்படி யாரும் இல்லாத பாலைவனத்தில் மட்டும் கணக்கு லேசு. நானும் போகச் சொல்லித்தான் எழுதுகிறேன். எல்.டி.சி. கிடைத்தால் நரக வாசல்வரை தாராளமாகப் போய் வாருங்கள்.

ஒன்றே ஒன்று. போட்டோ எடுத்து முடித்ததும் கைடிடம், 'இங்கே முன்னாடி யார் இருந்தாங்க, இப்ப எங்கே இருக்காங்க?' என்று கேட்டுப் பாருங்கள். ஆழம், அகலம், சூடு எல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்பார். இந்தக் கேள்விக்கும் பதில் சொல்கிறவராக இருந்தால், டிப்ஸைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.