நலம் நாடுவோம்: அருவிக்கு எட்டாத நோய்



ஆனி பிறந்து, மேற்கு மலை முகட்டில் மேகம் கவிந்து, காற்றோடு சாரலும் இறங்கிவிட்டால் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது என்று பொருள். கடையநல்லூரிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வேன் பிடித்து வருகிறோம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஆசை தீரக் குளிக்கிறோம். பசி எடுத்ததும் செங்கோட்டைச் சாலையில் பிரானூர் சென்று புரோட்டாவும் கோழியும் உண்டு திரும்புகிறோம்.

வருகிறவர்களில் சிலருக்கு வேறொரு நோக்கமும் உண்டு. மூலிகைக் காடுகளைத் தழுவி வரும் இந்த நீர், தோல் நோயைத் தீர்த்துவிடும் என்னும் நம்பிக்கையே அது.

சென்ற சீசனில் ஐந்தருவியில், பெண்கள் குளிக்கும் பக்கத்தில் ஒரு சகோதரியைக் கண்டேன். முழங்கைகளில் சிவந்த படை. அதன்மேல் வெள்ளிச் செதில். அவர் நீரில் கால் வைத்ததும், அருகே நின்ற தாய் ஒருவர் தம் பிள்ளையைப் பிடித்து அப்பால் இழுத்துக்கொண்டார். அந்தச் சகோதரி ஒன்றும் பேசவில்லை. தலை நனையாமலே கரையேறி, புர்காவை அணிந்துகொண்டு, வேனில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த இருவரையும் மனத்தில் வைத்தே இந்த மாதக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஒட்டுமா?

ஒட்டாது. முதலில் இதைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். சொரியாசிஸ் என்று ஆங்கில மருத்துவமும், காளாஞ்சகப்படை என்று சித்த மருத்துவமும் கூறும் இந்நோய் கிருமியால் வருவதன்று. தொட்டாலும், ஒரே தட்டில் உண்டாலும், ஒரே ஹவுளில் ஒளுச் செய்தாலும், தொழுகை வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நின்றாலும் தொற்றாது. இது குஷ்டமும் அன்று.

நம் தோலின் மேற்படலம் ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு ஒருமுறை பழையது உதிர்ந்து புதிதாகிறது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு அந்த வேலை சில நாள்களுக்குள் முடிந்துவிடுகிறது. உதிர நேரமின்றி அடுக்கடுக்காகச் சேர்வதே செதில். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள், காரணமின்றிக் கிளர்ந்தெழுந்து தோலை விரட்டுவதால் இது நேர்கிறது. பரம்பரைக் கூறு இதில் உண்டு. மன உளைச்சல், தொண்டைப் புண், புகைப்பழக்கம், சில மருந்துகள் ஆகியவை அதைத் தூண்டிவிடும்.

அருவி என்ன செய்யும்?

நீர் செதிலை இளக்கும். குளித்த ஈரம் காயுமுன் எண்ணெய் பூசினால் தோல் வறளாது, அரிப்பும் அடங்கும். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு, வெயிலில் வைத்து, ஊதா நிறம் ஏறியபின் எடுக்கும் தைலத்தைச் சித்த மருத்துவர்கள் இதற்குக் கொடுக்கிறார்கள். அளவான வெயிலும் பலருக்கு நன்மை தரும். வேலையிலிருந்து விடுபட்ட நான்கு நாள் ஓய்வும் சேரும்போது, குற்றாலம் போய் வந்தால் குறைகிறது என்று சிலர் சொல்வதில் வியப்பில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தோலைத் தேய்த்துப் புண்ணாக்கினால், புண்ணான இடத்திலேயே புதிய படை தோன்றுவது இந்நோயின் இயல்பு. ஆகவே நார் கொண்டு செதிலை உரித்தெடுப்பதும், கொட்டும் நீரின் முழு வேகத்தையும் படையின்மேல் வாங்குவதும் கூடாது.

எவ்வளவு குளித்தாலும் அருவி தோலைத்தான் தொடும். நோயின் ஒரு வேர் அதற்குக் கீழே இருக்கிறது.

கொழுப்பு சும்மா இருப்பதில்லை

வயிற்றுக் கொழுப்பை மிஞ்சிய உணவின் கிடங்கு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது 1994ஆம் ஆண்டு. நியூயார்க்கின் ராக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். 'போதும், சாப்பாட்டை நிறுத்து' என்று மூளைக்குச் செய்தி சொல்வது அதன் வேலை. உடல் பருத்தவர்களிடம் லெப்டின் மிகுதியாக இருக்கும். ஆனால் மூளை அதற்குச் செவி சாய்ப்பதில்லை. மிஞ்சிய லெப்டின், நோய் எதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிடுகிறது.

அடுத்த ஆண்டே அடிப்போனெக்டின் என்ற மற்றொன்றைக் கண்டார்கள். இது நல்ல பிள்ளை. இன்சுலின் சரிவர வேலை செய்ய உதவும், அழற்சியைத் தணிக்கும். வருந்தத்தக்கது யாதெனில், கொழுப்புக் கூடக் கூட இது குறைகிறது. சொரியாசிஸ் நோயாளிகளை ஆராய்ந்த பல ஆய்வுகளில் லெப்டின் கூடியும் அடிப்போனெக்டின் குறைந்தும் காணப்பட்டன.

இன்னொன்றும் உண்டு. டி.என்.எஃப். என்னும் அழற்சிப் பொருளைக் கொழுப்புத் திசுவும் சுரக்கிறது என்பது 1993இல் தெரிந்தது. சொரியாசிஸ் படையில் மிகுந்திருப்பதும் அதே பொருள்தான். அதைத் தடுக்கும் ஊசிகளும் இன்று கடுமையான சொரியாசிஸுக்குப் போடப்படுகின்றன. வயிற்றில் மூட்டிய அடுப்பும் தோலில் எரியும் நெருப்பும் ஒன்றுக்கொன்று விறகு தருகின்றன.

அமெரிக்கச் செவிலியர் ஏறத்தாழ 80,000 பேரை 14 ஆண்டுகள் கவனித்து 2007இல் வெளியான ஆய்வு, உடல் பருமன் ஏற ஏறச் சொரியாசிஸ் வரும் வாய்ப்பும் ஏறுவதைக் காட்டியது. இளம் வயதினருக்குக் கடுமையான சொரியாசிஸ் இருந்தால் மாரடைப்பு வாய்ப்புக் கூடுகிறது என்று 2006இல் பிரிட்டன் நோயாளிகளின் பதிவுகள் உணர்த்தின. நம் சென்னையிலும் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக் கொழுப்பு ஆகியவை சேர்ந்து கெடும் நிலை, சொரியாசிஸ் உள்ளவர்களில் 100க்கு 44 பேரிடம் இருந்தது. மற்றவர்களில் 100க்கு 30 பேரிடம். படை சிறிதா பெரிதா என்பதால் இதில் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் கவனியுங்கள்.

மெலிந்தவர்களுக்கும் சொரியாசிஸ் வருகிறது. பருத்தவர் பலருக்கு வருவதில்லை. எனவே 'தின்று வாங்கிக்கொண்ட நோய்' என்று எவரையும் பழிக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை

தையற்காரர் நாடாவை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குமேல் இருந்தால் அபாயக் குறி. சொரியாசிஸ் உள்ளவர் ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். லெப்டின் சோதனை தேவையில்லை. காலையில் விரல் மூட்டு விறைத்தாலும் குதிகால் வலித்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்நோய் மூட்டுகளையும் தாக்கும்.

டென்மார்க்கில் 2013இல் நடந்த ஓர் ஆய்வில், உணவைக் குறைத்து எடை இழந்தவர்களுக்குப் படை தணியும் போக்குத் தெரிந்தது. வாழ்க்கைச் சிரமமும் குறைந்தது. எடை குறைப்பு மருந்துக்கு மாற்றன்று. ஆனால் மருந்து நன்கு வேலை செய்ய உதவும். மருந்துக்கடையில் தாமே வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை மிக ஆபத்தானது; அதை நிறுத்தும்போது நோய் உடல் முழுதும் சீழ்க் கொப்புளமாகச் சீறக்கூடும்.

ரமலான் நோன்பைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வொன்று, நோன்பிருந்த 108 நோயாளிகளுக்குப் படை குறைந்ததாகக் கூறுகிறது. சிறிய ஆய்வுதான், எனினும் மகிழ்ச்சி தருவது. ஆனால் பகலெல்லாம் பசித்திருந்து, இஃப்தாரில் சமோசாவையும் வடையையும் குவித்தால் அந்தப் பலன் எங்கே நிற்கும்? மருந்து உண்பவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கலந்து வேளையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெண் பார்க்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. நோயை மறைத்து நிக்காஹ் முடிப்பதும் தவறு. நோயைச் சொன்னார்கள் என்பதற்காகவே பெண்ணைத் தட்டிக் கழிப்பதும் தவறு. உண்மையைச் சொன்ன குடும்பத்தை அதற்காகவே மதிக்கலாம்.

அடுத்த சீசனிலும் அருவி கொட்டும். குடும்பத்தோடு போய்க் குளித்து வாருங்கள். புரோட்டாவில் மட்டும் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். கையில் படையுள்ள ஒரு சகோதரி தயங்கி நின்றால், 'வாம்மா, இங்கே இடம் இருக்கிறது' என்று அழையுங்கள். உங்கள் பிள்ளை பக்கத்திலேயே நிற்கட்டும்.