பொறுமையும் சுகமும்

நோயுற்றார்க்கு நாம் கூறும் ஆறுதல் மொழிகளுள் மருந்தாவனவும் உள, புண்ணாக்குவனவும் உள. சென்ற ஆண்டு, பல திங்களாகப் படுக்கையிற் கிடந்த மாணவத் தோழர் ஒருவரைக் காணச் சென்றோம். வேதம் வாசித்தோம், செபித்தோம். விடைபெறுங்கால், "முழு விசுவாசத்தோடு கேள், சுகம் கட்டாயம் கிடைக்கும்" என்றோம். அவர் முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொண்டு, "அப்படியானால் இத்தனை நாளும் நான் கேட்டதில் விசுவாசம் இல்லையா?" என்றார். எம்மால் விடை கூற இயலவில்லை. உடல்நோயால் வருந்தியவர்க்குக் குற்றவாளி என்னும் மனநோயையும் கொடுத்துத் திரும்பினோம் என்பதை வழியிலே உணர்ந்தோம்.

அன்றுமுதல் எம் உள்ளத்தில் உறைந்த எண்ணத்தையே ஈண்டு எழுதத் துணிகின்றோம். பொறுமையோடு கடவுளைச் சார்ந்திருத்தல் என்பது, விசுவாசத்தை விலையாகக் கொடுத்துச் சுகத்தை வாங்கும் வாணிகம் அன்று. சுகம் வரினும் வாராதொழியினும் அவர் கையை விடாது பற்றி நிற்றலே அது. அவ்வாறு நிற்பார்க்கு உடல்நலம் கிட்டுவதும் உண்டு, கிட்டாதிருப்பதும் உண்டு. ஆயின் வலிமை கிட்டாதிருப்பதில்லை.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் திருநெல்வேலிச் சீமையில், மேற்கு மலையடிவாரத்திலுள்ள டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை அறியாதார் நம்முட் சிலரே. 1867ஆம் ஆண்டில் அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியாவிற்கு வந்த அவர், 1901 முதலாகக் கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண்மக்களையும், பின்னர் ஆதரவற்ற ஆண்மக்களையும் ஏற்றுத் தாயென வளர்த்தார். அப்பிள்ளைகளின் உணவிற்கும் உடைக்கும் பிறரிடம் பணம் கேளாமல், கடவுளிடமே கேட்பது என்பது அவர்தம் உறுதி.

இத்தகையார் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், களக்காட்டில் ஊழியத்திற்கென ஆயத்தம் செய்யப்பட்டு வந்த ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றபோது, இருளில் குழியொன்றில் விழுந்தார். கால் முறிந்தது. விரைவில் எழுந்து நடப்பார் என்று பிள்ளைகள் காத்திருந்தனர், ஓயாது செபித்தனர். அவரோ முன்போல் நலம் பெறவேயில்லை. 1951ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் உயிர் நீங்குமளவும், ஏறத்தாழ 20 ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே வாழ்ந்தார்.

அவர்க்கு விசுவாசம் குறைவு என்று கூற நம்முள் எவர் துணிவார்? பல நூறு பிள்ளைகளின் அன்றாட உணவைச் செபத்தால் பெற்ற அந்நா, தன் வலி நீங்க மட்டும் செபிக்க அறியாதிருந்ததோ? ஆயினும் அவ்வறை துயரின் சிறையாக அமையவில்லை. ஆங்கிருந்தே அவர் பல நூல்களை இயற்றினார், பிள்ளைகளை அழைத்து அளவளாவினார், உடனூழியரைத் தேற்றினார். 1933இல் வெளிவந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்னும் நூல், நோயுற்றவர் ஒருவர் நோயுற்ற பிறர்க்கு எழுதிய மடல்களின் தொகுதியாகும். முள்ளிடைப் பூத்த ரோஜா என்னும் பொருள்படும் அப்பெயரே அதன் வரலாற்றை உரைக்கும். முள் அகலவில்லை, மலரோ மலர்ந்தது.

ஆயின், "இயேசு பெருமான் நோயாளரைத் தொட்டுக் குணமாக்கினாரன்றோ? அவர்தம் விசுவாசத்தைப் புகழ்ந்தாரன்றோ?" என்று வினவுவார் உளர். உண்மையே. எனினும் அப்பெருமானே, பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, இது யார் செய்த பாவத்தின் பயன் என்று சீடர் வினவியபோது, அவ்வினாவினையே மறுத்தார். பவுல் அப்போஸ்தலர் தம் மாம்சத்தில் தைத்த முள் நீங்கும்படி மும்முறை வேண்டினார், முள் நீங்கவில்லை, அதனைத் தாங்கும் கிருபையே அருளப்பட்டது. அவரையும் விசுவாசம் குன்றியவர் என்போமோ?

இனி, "இஃது எல்லாம் விதி என்று கைகட்டி இருத்தற்கு எவ்வாற்றான் வேறு?" என்பாரும் உண்டு. அவர்க்கு நம் பொருநையாற்றுக் கரையின் உழவரே விடை கூறுவர். யாக்கோபு தம் நிருபத்தில் பொறுமைக்கு உவமை காட்டப் புகுந்து, மழைக்குக் காத்திருக்கும் உழவனையே காட்டுகின்றார். தென்மேற்குப் பருவத்தில் பொதிகையினின்று இறங்கும் நீரைக் கார் சாகுபடிக்கும், வடகிழக்குப் பருவ நீரைப் பிசானத்திற்கும் எதிர்நோக்குவோர் நம் உழவர். மழையைப் பெய்விக்க அவரால் ஆகாது. ஆயினும் அவர் வாளா இருப்பதில்லை. கால்வாயைத் தூர்வாருவர், வரப்பைக் கட்டுவர், விதைநெல்லைப் பேணுவர். தம்மால் ஆவதனைச் செய்து, ஆகாததனைக் கடவுளிடம் விடுவர். பொறுமையாவது இதுவே.

ஆதலின் மருந்தும் செபமும் ஒன்றற்கொன்று பகையல்ல. டோனாவூரில் அம்மையார் காலத்தில் எழுந்த வைத்தியசாலைக்குப் 'பரம சுக சாலை' என்பதே பெயர். பாளையங்கோட்டையிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்பார்வையற்றார்க்கும் காது கேளாதார்க்கும் மிஷன் ஊழியர் பள்ளிகளை நிறுவினர். அப்பள்ளிகளில் விழி திறவாதவர் விரலால் எழுத்துக் கற்றனர். விழி திறக்கும்வரை கல்வி வேண்டா என்று அவர்களை எவரும் புறத்தே நிறுத்தவில்லை. உடலுறுப்புக் குணமாகாத இடத்தும் வாழ்வு குணமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான காட்டு யாது?

எம் தோழரைப் பின்னும் ஒருமுறை கண்டோம். அம்முறை அறிவுரை ஒன்றும் கூறவில்லை. முன்பு சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டோம். வகுப்பிற் குறித்த பாடங்களைப் படித்துக் காட்டினோம். மாலையில் அவரே செபித்தார். சுகம் தரவேண்டும் என்று கேட்டார். அன்றிரவைக் கடத்தற்கு வலிமையும் கேட்டார். இரண்டாம் வேண்டுகோளுக்கு விடை மறுநாட் காலையிலே கிடைத்திருந்தது. முதல் வேண்டுகோளுக்கு அவர் இன்னும் காத்திருக்கின்றார். அக்காத்திருத்தலில் தளர்ச்சி உண்டு, கண்ணீரும் உண்டு, ஆனால் முன்போல் அச்சம் இல்லை.

நண்பர்களே! நோயாளர் படுக்கையருகே செல்லுங்கால், அவர்தம் விசுவாசத்தை அளக்கும் கோலை வாயிற்புறத்தே வைத்துச் செல்வோமாக. சுகத்திற்கு நாள் குறித்தல் நம் வேலையன்று. உடனிருந்து காத்திருத்தலே நம் வேலை. அதனைச் செய்யும் பொறுமையைக் கடவுள் நமக்கு அருள்வாராக.